டீச்சர் இல்லாத ஊர்

ஆறு வயசு இருக்கும். முன்பல் இரண்டும் விழுந்த வாய். பசைக்குச்சியை நீட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். முழுப்பெயர்கூட இல்லை, முதல் இரண்டு எழுத்து மட்டும். மூடி திறக்குதில்லையாம்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கோயிலின் நிலக்கீழ் அறை. ஞாயிறு காலை, சின்னப்பிள்ளைகள் வகுப்பு. (கோயில் என்றுதான் எழுதுவேன். மட்டக்களப்பில் வேதக்காரருக்கும், அதாவது கிறிஸ்தவர்களுக்கும், அது கோயில்தான்.) மூடியைத் திறந்து கொடுத்தேன். பிள்ளை போய்விட்டான். எனக்குத்தான் காது இரண்டும் சூடாக இருந்தது.

என் பெயரை என் புருஷன் சாகும்வரை சொன்னதில்லை. அவருக்கு நான் "இஞ்ச பாருங்க". அம்மாவுக்கு மகள். எங்கள் ஊர் புளியந்தீவு முழுக்க டீச்சர். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, "டீச்சர், நல்ல ஒட்டி கிடக்கு. மறுகா இல்லையெண்டு சொல்லப்படா" என்பார். கல்லடிப் பாலத்தில் ஓட்டோ ஓட்டுகிற தம்பி கண்ணாடியில் பார்த்து, "வாய்ப்பாட்டுக்கு எனக்கு அடிச்சிங்களே, ஞாபகமிருக்கா டீச்சர்?" என்று கேட்பான். இல்லை மகன் என்பேன். நன்றாக ஞாபகமிருக்கும். ஏழாம் வாய்ப்பாடு.

என் மகனே ஐந்தாம் ஆண்டில் என் வகுப்பில்தான் இருந்தான். புலமைப்பரிசில் பரீட்சை வருஷம். பள்ளிக்கூட வாசலுக்குள் அம்மா என்று கூப்பிடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். பாவம், மத்தியானம் வீட்டுக்கு வந்தும் வாய் மாறாது. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "டீச்சர், பசிக்குது" என்பான்.

அவன்தான் 2023இல் என்னை இங்கே கூப்பிட்டெடுத்தான். பசைக்குச்சிக் கதையைச் சொன்னதும் சிரித்தான். "அம்மா, இங்க பிரதமரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க." பிரதமருக்கு அது பழகியிருக்கும். அவர் முப்பத்தாறு வருஷம் வகுப்பு நடத்தவில்லையே.

குளிர் பழகிவிட்டது. பஸ் அட்டையைத் தட்டி ஏறவும், பனிச் சப்பாத்தை வாசலிலேயே கழற்றவும் பழகிவிட்டேன். தமிழ்க்கடையில் சிவப்பு அரிசி மாவும் இருக்கிறது, கொச்சிக்காயும் இருக்கிறது. "மாமி, நீங்க இப்ப கனடாக்காரி" என்கிறாள் மருமகள். தயிர் விஷயத்தில் மட்டும் இல்லை. பிளாஸ்டிக் வாளியில் வருகிற இதைக் கரண்டியால் அள்ளும்போதெல்லாம், முட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எங்கள் எருமைத் தயிர் கண்ணுக்குள் வந்து நிற்கும். மேலே படிந்த அந்த மஞ்சள் ஆடைக்கு மகனும் மகளும் பிடிக்கிற சண்டையும் சேர்ந்தே வரும். பஸ் அட்டை எந்தப் பையில் இருக்கிறது என்பதும் அதோடு மறந்துவிடும்.

வந்த புதிதில் மெதடிஸ்த கோயில் எங்கே என்று விசாரித்தேன். கனடாவில் மெதடிஸ்தர்கள் 1925இலேயே வேறு சபைகளோடு ஒன்றாகி, பழைய பெயரை விட்டுவிட்டார்களாம். எனக்குச் சிரிப்பாக வந்தது. மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். மறுவருஷமே செத்துப்போனார். ஒரு வருஷம்கூட முழுதாக இருக்காத மனிதர் கொண்டுவந்த பெயரை நாங்கள் இன்றைக்கும் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். நாங்கள் அப்படித்தான், பெயரை இலேசில் விடமாட்டோம்.

பிறகு, பிள்ளைகளோடு தொண்டு செய்ய வேண்டுமானால் பொலிஸ் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எல்லோருக்கும் அதுதான் விதி, நல்ல விதியும்கூட. ஆனால் பொலிஸ் ரிப்போர்ட் என்ற சொல்லை எங்கள் ஆட்கள் கேட்டால் வயிறு ஒருமுறை புரளும். தமிழர் கொழும்பில் தங்குவதற்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்த காலம் ஒன்று இருந்தது. இங்கே அந்த அதிகாரி என்னிடம் இன்றைக்கு வெயில் நல்லாயிருக்கு என்று பேசினார். எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நினைத்தது 2004 டிசம்பர் 26. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். கடல் நாவலடியையும் கல்லடியையும் அள்ளிக்கொண்டு போன பிறகு எங்கள் பள்ளிக்கூடம் முகாமானது. பழைய வரவு இடாப்பு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்களை எழுதினேன். பெயர், வயது, யாரோடு வந்தது. சில வரிகளில் மூன்றாவது கட்டம் வெறுமையாகவே இருந்தது. இரவில் என் மடியில் யார் யாரோ பெற்ற பிள்ளைகள் படுத்தார்கள். என் பிள்ளைகள் இரண்டும் வீட்டில் ஆச்சியோடு. நீ யாரென்று எவரும் என்னைக் கேட்கவில்லை. டீச்சர் என்ற சொல் போதுமாயிருந்தது.

சான்றிதழ் வந்தது. நான் சுத்தமானவள்தானாம்.

ஒரு ஞாயிறு குறும்பாக ஒரு வேலை செய்தேன். நெஞ்சில் ஒட்டுகிற பெயர்த் தாளில் தமிழில் "டீச்சர்" என்று எழுதி ஒட்டிக்கொண்டேன். முன்பல் இல்லாதவன் விரலால் அந்த ட-வைத் தடவிப் பார்த்து, அது என்ன படம் என்று கேட்டான். எழுத்து என்றேன். வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீ என் டீச்சர் இல்லையே, என் டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாளே" என்றான். பிறகு, பழையபடி இரண்டு எழுத்து.

பரவாயில்லை. இப்போது அந்த இரண்டு எழுத்துக்குத் திரும்பிப் பார்க்கிறேன்.

போன கிழமை ஊரிலிருந்து வட்ஸ்அப்பில் அழைப்பு. ஓய்வுநாள் பாடசாலையை இப்போது பார்க்கிற பிள்ளை, என்னிடம் படித்தவள்தான். பின்னால் காகச் சத்தம், யாரோ தேங்காய் துருவுகிற சத்தம்.

"டீச்சர், நத்தார் நாடக உடுப்பு வெச்ச இரும்பு அல்மாரித் திறப்பு எங்க? போன வருஷமும் பெட்சீற்றத்தான் மேய்ப்பனுக்குக் கட்டினோம். டீச்சர், நீங்கதானே கடைசியாப் பூட்டினீங்க? பூட்டை உடைப்பமா டீச்சர்?"

மூன்று தரம் டீச்சர் என்று சொல்லிவிட்டாள்.

திறப்பு என் கைப்பையின் உள்ளறையில் கிடக்கிறது, பஸ் அட்டைக்குப் பக்கத்தில், பச்சை நாடா கட்டியபடி. வந்த இரண்டாம் நாளே கண்டுவிட்டேன்.

"உடைக்க வேண்டாம் மகள்" என்றேன். "மேசை லாச்சியில நல்லாத் தேடிப் பாருங்க. கிடைக்காட்டி அடுத்த கிழமை ஒருக்கா எடுங்க."