உரிம அட்டையில் ஒரு பிழை, தோளில் ஓர் உதை: .300 மேக்னம் வாங்கிய அனுபவம்

கடை மேசையின் விளக்கடியில் ரைஃபிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, குழலின் பக்கத்தில் பொறித்திருந்த எழுத்துகளை விற்பனையாளர் ஒவ்வொன்றாக வாசித்தார்: "முந்நூறு, வின், மேக்." பிறகு என் கையிலிருந்த உரிம அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் '.300 டபிள்யூ.எஸ்.எம்.' என்று வேறொரு தோட்டாவின் பெயர் அச்சாகியிருந்தது. "அண்ணா, இந்த அட்டையை வைத்துக்கொண்டு இந்தத் துப்பாக்கியை உங்கள் கையில் கொடுக்க எனக்கு அனுமதியில்லை" என்று சொல்லிவிட்டு, அவர் அதை மறுபடியும் இரும்பு அறைக்குள் வைத்துப் பூட்டினார். முழுப் பணத்தையும் கட்டி அதற்குள் ஏழு மாதம் ஆகியிருந்தது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேட்டைக்குப் போகிற நம்மவர்களில் பலர் மைத்துனரின் துப்பாக்கியையோ பண்ணைக்காரரின் துப்பாக்கியையோ இரவல் வாங்கித்தான் சுடுகிறார்கள். நானும் ஒன்பது ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். சொந்தமாக ஒன்று வாங்க நினைப்பவர்கள் என்னைப் போல அலையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பயிற்சி, சட்டத் தேர்வு, சுடும் தேர்வு, தகுதிச் சான்றிதழ் ஆகியவை எல்லாம் எனக்குச் சிக்கலின்றி முடிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் தொடங்கியது 271 என்ற எண்ணுள்ள உரிம விண்ணப்பத்தில்தான்.

2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில், எப்போதாவது வேட்டைக்குப் போகிறவர் என்ற வகையில் நான் விண்ணப்பித்தேன். இதில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று உண்டு: உரிமம் நமக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை, அந்த ஒரு துப்பாக்கிக்கும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. வரிசை எண், தயாரிப்பு, தோட்டா வகை ஆகிய மூன்றும் அட்டையில் ஏறிவிட்ட பிறகு, துப்பாக்கி பிடிக்கவில்லை என்று கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ள வழியே இல்லை. மாற்ற வேண்டுமானால் புதிய விண்ணப்பம், புதிய கட்டணம், புதிய காத்திருப்பு.

கடையில் முதலில் எனக்குக் கொடுத்த விவரக் கடிதத்தில் '.300 மேக்னம்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் .300 மேக்னம் என்ற பெயரில் ஒரு தோட்டா மட்டும் இல்லை: 1925-இல் வந்த ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், 1940-களில் வந்த வெதர்பி, 1963-இல் வந்த வின்செஸ்டர் (குழலில் இருந்த 'வின் மேக்' இதுதான்), 2001-இல் வந்த குட்டையான டபிள்யூ.எஸ்.எம். (வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம்) என்று பல உண்டு. நான்கிலும் குண்டின் விட்டம் ஒன்றே. தோட்டாவின் கூடு வேறு, ஒன்றுக்கு வெட்டிய அறையில் மற்றொன்றைப் போட்டுச் சுடக் கூடாது. காவல் நிலையத்தில் என் விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தர் பட்டியலில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு முந்நூறைத் தேர்ந்தெடுத்துவிட்டார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தும் திரையைப் பார்க்கவில்லை, அச்சடித்த தாளைச் சரிபார்க்காமல் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அந்த நிலையத்தில் துப்பாக்கிப் பிரிவு அதிகாரியைப் பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. முதல் முறை போனபோது, அடையாள அட்டை நகலின் சான்றொப்பம் மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை நீல மையில் நிரப்பியிருந்ததால் படிவத்தையே ஏற்கவில்லை. கறுப்பு மையில் முழுவதையும் மறுபடி எழுதிக்கொண்டு போனேன். மூன்றாம் முறை எல்லாத் தாளும் சரியாக இருந்தும் அதிகாரி பயிற்சிக்குப் போய்விட்டார் என்றார்கள், எப்போது வருவார் என்று கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை. வீட்டில் துப்பாக்கிப் பெட்டகத்தைச் சோதிக்க வருவதாகச் சொன்ன நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு மாலை ஐந்து மணிவரை காத்திருந்தும் யாரும் வரவில்லை, மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிய நேரத்தில் வந்து கதவைத் தட்டினார்கள். பெட்டகத்தைச் சுவரோடு போல்ட் அடித்து இறுக்கியிருந்ததால் சோதனை மட்டும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

இந்த அலைச்சலையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தவறான அட்டையைத் திருத்தக் கேட்டபோது, "நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்று அதே எழுத்தர் சொன்னது இன்னும் மனத்தில் தைத்துக்கொண்டிருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் தட்டச்சு செய்த விரல் அவருடையது. கடையிலிருந்து குழலின் பொறிப்பைக் காட்டும் புகைப்படமும் முழுப் பெயருடன் புதிய கடிதமும் வாங்கி, பிரமாணப் பத்திரம் எழுதி இணைத்து, திருத்திய அட்டை என் கைக்கு வர மேலும் நான்கு மாதம் பிடித்தது. அதற்குள் வேட்டைக்கான ஒரு குளிர்காலம் (இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) முழுதாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் ஆடி பிறந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடியும்வரை அசைவம் கிடையாது, ஆகவே ஜூனை விட்டால் எனக்கு அந்த ஆண்டு வேட்டை இல்லை.

ஆகவே விண்ணப்பிக்கிறவர்கள் குழலில் என்ன பொறித்திருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் கடிதத்திலும் படிவத்திலும் எழுதுங்கள். அதிகாரி தட்டச்சு செய்து முடித்ததும் அச்சுத் தாளை வாங்கி, கடைக் கடிதத்தின் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்ட பிறகே கையெழுத்திடுங்கள். வரிசை நீளமாக இருக்கிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் எழுந்திருக்காதீர்கள். அட்டையிலுள்ள துப்பாக்கிக்குப் பொருந்தாத தோட்டாவை வாங்கவும் முடியாது, வைத்திருக்கவும் கூடாது என்பதால், இந்த ஒரு வரி பிழையானால் எல்லாமே நின்றுவிடும்.

இனித் துப்பாக்கியைப் பற்றி. லெபோம்போ மலைச்சரிவில், போங்கோலா பக்கம், கூடு (kudu) என்ற சுருள்கொம்பு மானைத் தேடி நாள் முழுவதும் ஏறி இறங்குகிறவர்களுக்கு எடை எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மைத்துனரின் மரக்கட்டை வைத்த .308 ரைஃபிள், ஸ்கோப்புடன் (குறிபார்க்கும் தொலைநோக்கி) 4.3 கிலோ. நான் வாங்கியது வெறுமனே 3 கிலோ, ஸ்கோப்பும் வாரும் சேர்த்து 3.5 கிலோ. கடையில் தூக்கிப் பார்த்தபோது அந்த 800 கிராம் வித்தியாசம் பெரிய வரமாகத் தோன்றியது. ஆனால் தோட்டாவின் உந்தம் மாறாமல் இருக்கையில், துப்பாக்கியின் எடை எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் பின்னுதைப்பின் ஆற்றல் கூடுகிறது. அதிலும் மேக்னம் தோட்டாவில் மருந்து கூடுதல். 180 கிரெயின் (ஏறத்தாழ 11.7 கிராம்) குண்டை நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் தள்ளும் .300 வின்செஸ்டரை 3.5 கிலோவில் சுடும்போது, 4.3 கிலோ .308 தரும் உதையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தோளில் விழுகிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தது வாங்கிய பிறகுதான்.

சுடுதளத்தில் முதல் மூன்று குண்டுகள் 100 மீட்டரில் ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தால் மூடிவிடக்கூடிய இடத்தில் விழுந்தன. மகிழ்ச்சியில் நான்காவதையும் ஐந்தாவதையும் உடனே சுட்டேன். இரண்டும் நான்கு விரற்கடை வலப்பக்கம் ஏறிப் போயின. மெல்லிய குழல் விரைவில் சூடாகும், சூடானால் குறி நகரும். நான் அதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்கோப்பைத் திருகி, ஆறிய குழலில் மறுபடி சுட்டு, மறுபடி திருகி, ஒரு பெட்டித் தோட்டாவை வீணாக்கினேன். 15-ஆம் பிரிவில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்க முடியாது, விலையும் கொஞ்சமில்லை. மூன்று சுட்டால் கால் மணி நேரம் துப்பாக்கியின் பின்பக்கத் தாழான போல்ட்டைத் திறந்து குழலை ஆறவிடுங்கள். வேட்டையில் முதல் குண்டு எப்போதும் ஆறிய குழலிலிருந்துதான் போகிறது, ஆகவே ஆறிய குழலின் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதை மட்டும் நம்புங்கள்.

அன்றைய கடைசிக் குண்டு என் புருவத்தைக் கிழித்தது. படுத்த நிலையில் சுட்டபோது கண் ஸ்கோப்புக்கு மிக அருகில் போய்விட்டது. மூன்று தையல். அதைவிடக் கவலை தந்தது அதன் பிறகு வந்த பயம்: விசையை அழுத்தும் நொடியில் கண் தானாக மூடிக்கொண்டது. மைத்துனர்தான் அதைக் கண்டுபிடித்தார். எனக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டா ஒன்றை இடையில் போட்டுக் கொடுத்தார். விசை வெறுமனே 'க்ளிக்' என்றதும், உதையே இல்லாமல் குழல்முனை ஒரு சாண் கீழே குனிந்ததை இருவரும் பார்த்தோம். ஆறு வாரம் உதை குறைந்த .22 ரைஃபிளில் சுட்டுத்தான் அந்தப் பழக்கத்தை விரட்டினேன். பிறகு உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சரிடம் குழல்முனையில் மரை வெட்டிச் சைலன்சர் பொருத்தினேன், இந்த நாட்டில் சைலன்சருக்குத் தனி உரிமம் தேவையில்லை. அது 400 கிராம் கூடுதல். எடை குறைவுக்காக நான் பணம் கொடுத்த 800 கிராமில் பாதி அங்கே திரும்பிவந்துவிட்டது, ஆனால் தோள் தாங்குகிறது, காதும் பிழைத்தது.

படிவத்தைத் தொடுவதற்கு முன்பே நான் செய்திருக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. 22-ஆம் பிரிவின்படி, உரிமம் உள்ளவர் பக்கத்தில் நின்று நேரடியாகக் கண்காணிக்கும்போது அவருடைய துப்பாக்கியை மற்றவர் சட்டப்படி சுடலாம். எடை குறைந்த மேக்னம் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, மேசையில் பத்து, படுத்த நிலையில் ஐந்து சுட்டுப் பாருங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.

இந்த ஜூனில் போங்கோலாவில், பள்ளத்தின் எதிர்ச்சரிவில் ஏறத்தாழ 220 மீட்டரில் நின்ற ஓர் ஆண் கூடு மானை, மூங்கில் தாங்கியில் வைத்துச் சுட்டேன். கண் மூடவில்லை. முட்செடிகளுக்குள் அறுபது அடி ஓடி விழுந்தது. அன்று மூன்று மணி நேரம் ஏறியும் தோள் வலிக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பண்ணை உரிமையாளரின் எழுத்து அனுமதியையும் உரிம அட்டையையும் வண்டி முன்பெட்டியில் வைத்துக்கொண்டு N2 சாலையில் திரும்பினோம். வழியில் ஒரு முறை நிறுத்திக் கேட்டார்கள், இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

மைத்துனர் இப்போது தனக்கென்று ஒன்று வாங்குகிறார், .270 வின்செஸ்டர், 4 கிலோவுக்குக் குறையாதது. குழலின் பொறிப்பைக் கடையிலேயே புகைப்படம் எடுத்து, 271-இன் தோட்டா வகைக் கட்டத்தை நானே கறுப்பு மையில் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், நானும் கூடப் போகிறேன்.