அடைப்பு யாருடைய குழாயில்? கடைசி சேம்பரைத் திறந்து பாருங்கள்

கழிப்பறையில் தண்ணீர் இறங்காவிட்டால் உடனே உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போன் போடுகிறோம். ஆள் வந்து பார்த்துவிட்டு "இது உங்க வீட்டு லைன்" என்று போய்விடுவார். இதற்கு நேர்மாறாக, சாலையில் இருக்கும் அடைப்புக்கு வீட்டுக்காரர் பிளம்பருக்குக் காசு அழுவதும் உண்டு. பத்து நிமிடச் சோதனையில் இரண்டையும் தவிர்க்கலாம்.

சேம்பர் என்பது கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்க்க வைத்த, மூடி போட்ட தொட்டி. பெரும்பாலும் எல்லைச் சுவரை ஒட்டிய கடைசி சேம்பர் வரை வீட்டுக்காரர் பொறுப்பு. சாலைக்கு அடியில் ஓடும் பிரதானக் குழாயும் மேன்ஹோலும் உள்ளாட்சியின் பொறுப்பு. இடையிலுள்ள இணைப்புக் குழாயில்தான் தகராறு வரும். அது யாருடையது என்பது ஊருக்கு ஊர் மாறுவதால், இணைப்பு அனுமதித் தாளை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இப்போது கடைசி சேம்பரின் மூடியைத் திறங்கள். கழிப்பறை நிரம்பி நிற்கும்போது சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்குள். சேம்பரும் நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்கு அப்பால். பக்கத்து வீட்டு சேம்பரும் நிரம்பியிருக்கிறதா என்று கேளுங்கள். நிரம்பியிருந்தால் பிரதானக் குழாய், உங்களுடையது மட்டும் என்றால் பெரும்பாலும் இணைப்புக் குழாய். வீட்டில் ஒரு குழாயும் திறக்காமலே சேம்பரில் மட்டம் ஏறுகிறதென்றால் சந்தேகமே வேண்டாம், சாலையிலிருந்துதான் தள்ளுகிறது. அப்போது மாடி வீட்டுக்காரர்களும் தண்ணீர் விடுவதை நிறுத்த வேண்டும். அவர்கள் விடும் தண்ணீர் தரைத்தளக் குளியலறையின் தரைத் துவாரம் வழியாகத்தான் பொங்கும், அதுதான் எல்லாவற்றிலும் தாழ்ந்த வாய்.

வீட்டு லைன் என்றால், காலியான சேம்பரிலிருந்து கழிப்பறைப் பக்கமாகக் கம்பி விடுங்கள். திருகிக் கோக்கும் கம்பியை வலப்பக்கமாக மட்டுமே சுழற்ற வேண்டும். இடப்பக்கம் சுழற்றினால் மறை கழன்று ஒரு துண்டு குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். எடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடைத்தால் குற்றம் துணியிலோ எண்ணெய்ப் பிசுக்கிலோ மட்டும் இல்லை. குழாய் அமுங்கியிருக்கும், அல்லது இணைப்பில் மர வேர் புகுந்திருக்கும். 110 மில்லிமீட்டர் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி சரிவு, அதாவது 10 மீட்டரில் 25 செ.மீ. இறக்கம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

ஆசிட் ஊற்றாதீர்கள். அது துணியைக் கரைக்காது. அடுத்து மூடியைத் திறப்பவர் முகத்தில்தான் அடிக்கும். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குளோரின் வாயு கிளம்பும். மேன்ஹோலுக்குள் ஆளை இறக்கவும் கூடாது, எவ்வளவு அவசரமானாலும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அடர்த்தியானால் மூக்கு அந்த வாசனையை உணர்வதையே நிறுத்திவிடும். வாடை இல்லை என்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே செத்துப்போகிறார்கள். தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் இயந்திரம் வரட்டும்.

மழையில் மட்டும் பொங்குகிறதா? தெருவில் யாரோ மொட்டைமாடி மழைநீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைத்திருக்கக்கூடும். கழிவுநீருக்கென்று கணக்கிட்ட குழாய் அந்தத் தண்ணீரைத் தாங்காது. இதையும் புகாரில் எழுதுங்கள்.

புகாரில் "நாற்றம் தாங்கவில்லை" என்பது மட்டும் போதாது. எந்த வீட்டு எதிரிலுள்ள மேன்ஹோல், எத்தனை வீட்டு சேம்பர்கள் நிரம்பியுள்ளன, எப்போதிலிருந்து, மழைக்குப் பிறகா என்று எழுதி, படமும் வைத்து, புகார் எண் வாங்குங்கள். மறுபடி அடைத்தால் பழைய எண்களையெல்லாம் குறிப்பிட்டு, அடைப்பு எடுக்க மட்டும் இல்லாமல், கேமரா விட்டுக் குழாயைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.