எழுபது வருஷக் கடிதம்

2022 டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருஷத்துக்கென்று எடுக்கும் வேத வசன அட்டை, எரேமியா 29:11. தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்தேன், அவ்வளவுதான். உங்கள்மேல் நான் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவை இல்லை என்று கர்த்தர் சொல்லும் வசனம். காலண்டரிலும் கார் கண்ணாடியிலும் பார்த்துப் பழகியது. மடங்காமல் கொண்டுபோய்த் தறிக்குடோனில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். எட்டு மாசத்தில் அந்தச் சுவிட்ச் போர்டையே கழற்றி விற்றுவிட்டேன்.

சோமனூர்ப் பக்கம் எங்களுக்கு 12 தறி. கூலி நெசவு. ஜவுளிக்காரர் பாவும் (நெடுக்கு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) கொடுப்பார், காடாத் துணியாக ஓட்டிக் கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவோம். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு ஸ்ட்ரைக், தறி நின்றது. செப்டம்பரில் கரண்ட் பில் ஏறியது. விசைத்தறிக்கு இலவச யூனிட்டை 750லிருந்து 1000 ஆக்கினார்கள், 2023 மார்ச்சில். அதற்குள் என்னிடம் ஓடிக்கொண்டிருந்தது நாலே தறி. வீட்டுப் பத்திரத்தை பேங்க்கில் வைத்து வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட, வெளியே வட்டிக்கு வாங்கினேன். அது தப்பு என்று வாங்கும்போதே தெரியும்.

ஆகஸ்டில் பழைய இரும்புக்காரர் வந்தார். தறியை யாரும் தறியாக வாங்கவில்லை, எடைக்குத்தான் கேட்டார்கள். கேஸ் கட்டர் வைத்து அறுக்கும்போது, அப்பா காலத்திலிருந்து ஊறிய எண்ணெயும் பஞ்சுத்தூசும் சேர்ந்து கருகி ஒரு நாற்றம் வந்தது. மூன்று நாளைக்குச் சட்டையில் இருந்தது. தறியில் ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். முனை தேய்ந்து பளபளவென்று இருக்கும்.

அந்தச் சமயத்தில் எங்கள் சபையைச் சேராத ஒரு ஊழியக்காரர், விதைப்புக் காணிக்கை கொடுத்தால் கடன் இரண்டு மாதத்தில் தீரும் என்று தலையில் கைவைத்துச் சொன்னார். 10,000 கொடுத்தேன். அதுவும் கடன் வாங்கிய பணம். மனைவிக்கு நாலு மாதம் கழித்துத்தான் சொன்னேன். சபையிலும் சிலர், ஜெபம் குறைவாக இருக்கும் என்றார்கள். அப்புறம் கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

பேங்க் நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் வேதாகமத்துக்குள் செருகிவிட்டேன். 22 நாள் அப்படியே இருந்தது. காலையில் கையெட்டும் தூரத்தில் அது இருப்பது தெரியும், எடுக்க மாட்டேன். செத்துப்போனால் நிம்மதி என்ற நினைப்பு வரத் தொடங்கியது அப்போதுதான்.

எங்களுக்குத் தறி ரிப்பேர் பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாரியம்மன் நோம்பிக்கு வருஷம் தவறாமல் பூச்சட்டி எடுப்பவர். தறி போனபிறகு எங்களிடம் அவருக்கு வேலை ஒன்றும் கிடையாது. ஆனாலும் சாயங்காலமானால் வந்து வெறும் குடோன் திண்ணையில் என்னோடு உட்காருவார். "சாப்டீங்களா தம்பி?" என்பார். அதற்குமேல் பேச்சு இல்லை. இருட்டினதும், "வரட்டுங்களா" என்று சைக்கிளை எடுப்பார். வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ராப்பகலாக ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் கெட்டுப்போனார்கள். எங்கள் சபையில் யாரும் செய்யாத அந்த ஏழு நாள் வேலையை, யோபு யாரென்றே தெரியாத மனுஷர் பத்து இருபது நாள் செய்தார்.

அவர்தான் மனைவியிடம், "தம்பி சரியில்லைங்க அம்மிணி, யாராச்சும் பெரியவங்ககிட்டக் கூட்டிப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பிறந்த வீடு கருமத்தம்பட்டி. முதலில் அங்கே ஜெபமாலை அன்னை கோயிலுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். மறுநாள் என்னை எங்கள் ஆயரிடம் அழைத்துப் போனாள்.

நான் கோபத்தோடுதான் போனேன். அந்த அட்டை வசனத்தைச் சொல்லி, "இதுக்கு என்னங்கய்யா அர்த்தம்?" என்றேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "பதினோராம் வசனத்தை விடுங்க தம்பி. 28ஆம் அதிகாரத்துல இருந்து வாசிங்க" என்று கண்ணாடியை என்னிடம் நீட்டினார். என் கண்ணாடி குடோனிலேயே கிடந்தது.

வாசித்தேன். பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஜனங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். எனக்கு உடனே அந்தப் பத்தாயிரம் ஞாபகம் வந்தது. எரேமியா எருசலேமிலிருந்து எழுதுகிற கடிதம் வேறு மாதிரி. எழுபது வருஷம் ஆகும், அதுவரை அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப் போயிருக்கிற அந்த ஊர் நன்றாயிருக்க ஜெபம் பண்ணுங்கள். இதெல்லாம் சொன்ன பிறகுதான் பதினோராம் வசனம் வருகிறது. எழுபது வருஷம் என்றால், அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்? எனக்குப் போதித்த யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டவில்லை.

வினோதமாக, அந்த எழுபதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. கடன் இரண்டு மாதத்தில் தீர வேண்டியதில்லை. தறி திரும்பி வர வேண்டியதும் இல்லை. வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தேன்.

சாவு நினைப்பையும் ஆயரிடம் சொல்லியிருந்தேன். "ஜெபிக்கிறேன், ஆனா டாக்டரையும் பார்க்கணும்" என்று கறாராகச் சொல்லி, அரசு மருத்துவமனைக்கு அவரே கூட வந்தார். ஆறு மாதம் மாத்திரை. விசுவாசிக்கு எதற்கு மாத்திரை என்று கேட்டவர்கள் உண்டு, பதில் சொல்லவில்லை. ராத்திரி நேரத்தில் யாரும் கிடைக்காவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அடிக்கலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. எனக்கு அப்போது அந்த நம்பர் தெரியாது.

நோட்டீஸ் விஷயம். அது சர்பாசி சட்டம் 13(2) நோட்டீஸ், கடன் நின்றுபோனால் அடமானச் சொத்தை எடுக்க பேங்க்குக்கு வழி கொடுக்கும் சட்டம். 90 நாளுக்குமேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும், அதற்கப்புறம் இதை அனுப்புவார்கள். பணம் கட்ட 60 நாள் அவகாசம், அதில் 22 நாளை நான் வேதாகமத்துக்குள் வைத்துத் தொலைத்திருந்தேன். எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் பேங்க் 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை. கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும் என்று ஆயர்தான் சொன்னார். கடனில் மனைவியும் கையெழுத்துப் போட்டிருந்ததால் அவள் பேரில் மனு கொடுத்தோம். பதில் கடிதம், பாக்கியைக் குறைத்துக் கணக்கை முடிக்கும் ஒன் டைம் செட்டில்மென்ட் கேட்டு இன்னொரு கடிதம், மூன்று தடவை பேங்க்குக்கு நடை. கடைசியில் 14 லட்சம் பாக்கியை 9 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். குடோனுக்குப் பின்னாலிருந்த காலியிடத்தையும் அவள் நகையையும் விற்றோம். நான் பல்லடத்தில் ஒரு கம்பெனியில் துணி செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியாக இருந்துவிட்டு டைம் கார்டு அடிக்கிற முதல் வாரம், கார்டை எந்தப் பக்கம் செருகுவது என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

2024 ஆகஸ்டில் கடைசித் தவணை. கணக்கு முடிந்து 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், அவர்களால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரிலிருந்து விதி வைத்திருக்கிறது. நான் அதைத் தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டே போனேன், எடுக்க வேண்டி வரவில்லை. சிபில் கடன் பதிவில் மட்டும் ‘செட்டில்டு’ என்றே நிற்கிறது, முழுசாகக் கட்டி முடித்த கணக்காக அது சேராது. இனிமேல் கடன் கேட்டால் யோசிப்பார்கள். யோசிக்கட்டும்.

குடோன் முன்னால் மூலனூர்ப் பக்கமிருந்து வாங்கி வந்த செடிமுருங்கை விதையை ஊன்றினேன். தோட்டம் போடு என்று எழுதியிருந்ததே. அறுப்பின் பண்டிகைக்கு ஒரு கட்டு கொண்டுபோனோம், ஏலத்தில் 350க்குப் போனது. முற்றின காய்க்கா இந்த விலை என்று மனைவிக்கு வெட்கம்.

இப்போது புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயில் ஹாலில் உட்காருகிறேன். நோட்டீஸ் வாசித்துச் சொல்வதும், கடிதம் எழுதிக் கொடுப்பதும், பேங்க்குக்குக் கூடப் போவதும்தான் வேலை. வருகிறவர்களில் பாதிப்பேர் சபைக்காரர்கள் இல்லை. ரிப்பேர் பெரியவரும் வந்து ஓரமாக உட்காருவார், அவர்தான் டீ வாங்கி வருவார்.

போன வாரம் அவினாசிப் பக்கமிருந்து ஒருத்தர் வந்தார். மஞ்சப்பையில் நாலாக மடித்த வேட்டி, அதற்குள் கவர். பிரிக்கவே இல்லை. "வாங்கி எத்தனை நாளாச்சுங்கண்ணா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் டீயை அவர் கையில் கொடுத்து, "சாப்டீங்களா?" என்றார். நான் கவரைப் பிரித்துத் தேதியைத் தேடினேன். இன்னும் 31 நாள் இருந்தது.