வேரா, தண்டா

டிசம்பர் 4, 2024
தண்ணீர் வடிந்துவிட்டது. சேறு இருக்கிறது. ஜன்னல் கட்டைக்கு ஒரு சாண் கீழே சுவரில் கோடு. கம்பியில் தொங்கிய டென்ட்ரோபியம் ஆர்க்கிட் இரண்டும் தப்பின. ஸ்டூலில் இருந்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் தொட்டியோடு சாய்ந்து பீரோ இடுக்கில் சிக்கிக் கிடந்தது. நான்கு இலையும் இருக்கின்றன.

டிசம்பர் 6
தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தேன். நல்ல வேர் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். நனைந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி. அழுகிய வேரில் மேல்தோல் கையோடு கழன்று, நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சும். அப்படி எட்டு. கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி ஒவ்வொன்றாக வெட்டினேன். எதிர்மாடி அக்காவிடம் சமையல் பட்டை வாங்கி இடித்து, தூளை வெட்டுவாயில் தொட்டு வைத்தேன். மிஞ்சியது மூன்று வேர்.

மரத்தில் ஒட்டி வாழ்கிற ஜாதி இது. வேருக்குக் காற்று வேண்டும். சேற்றில் மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது. சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. ஜன்னல் கட்டைக்கு ஒரு சாண் கீழே என்பதுதான் பிடிபடுகிறது.

டிசம்பர் 9
தேங்காய் மட்டைத் துண்டுகளை மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தேன், பழுப்புச் சாறு போகும்வரை. கூட அடுப்புக்கரி, ஓட்டுச் சில்லு. பக்கமெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் நட்டாயிற்று. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் மொட்டைமாடியில் பிடித்த மழைத்தண்ணீர்தான் இதற்கு.

டிசம்பர் 13
தீபம். மழை. அகல் ஒன்றும் மிஞ்சவில்லை, அக்கா இரண்டு தந்தார்.

டிசம்பர் 16
மார்கழி பிறந்துவிட்டது. இனி தை பிறக்கும்வரை வீடு மாற முடியாது. இன்னும் ஒரு மாதம் இந்த ஈரச் சுவர்.

செடியை உள்ளே வைத்தால் சுவரின் ஈரம், வெளியே வைத்தால் பனி. பனித்துளி குருத்துக்குள் தங்கினால் அழுகும். இதற்கு ஒரே குருத்து. அது போனால் அநேகமாகச் செடியே போனது. ராத்திரி வெளியே வைக்கிறேன், காற்றுக்காக. ஐந்து மணிக்கு எழுந்து டிஷ்யூ பேப்பரைத் திரித்துக் குருத்தில் விட்டு ஈரத்தை ஒற்றி எடுக்கிறேன். தெருவில் கோலம் போடுகிறவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

டிசம்பர் 22
அடி இலைக்கு மேலே செடியின் நடுத்தண்டைக் கீறிக்கொண்டு ஒரு பச்சைப் புள்ளி. வேராக இருக்க வேண்டும்.

டிசம்பர் 23
மிளகு அளவு.

டிசம்பர் 27
பெரியவள் ஹாஸ்டலிலிருந்து தினமும் கேட்கிறாள், “பூவாம்மா?” என்று. இந்தச் செடியை ஏற்காட்டிலிருந்து வழி முழுக்க மடியில் வைத்துக் கொண்டுவந்தவள். அவரும் பார்த்துவிட்டு நல்ல சகுனம் என்கிறார். எல்லோருக்கும் பூ வேண்டும். எனக்கு வேர் வேண்டும். மூன்று வேர் ஒரு பூந்தண்டைத் தாங்காது. இலையில் இருப்பதையெல்லாம் உறிஞ்சித்தான் பூக்கும். இலை ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது, கிழவி கைத்தோல் மாதிரி.

வேரின் நுனி உருண்டை, வழவழப்பு. பூந்தண்டின் நுனி கொஞ்சம் தட்டையாக, ஒரு பக்கம் மடிப்போடு, கட்டைவிரல் ஒட்டிய கையுறை போல இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காலையில் வேர் மாதிரி, ராத்திரியில் தண்டு மாதிரி. பயம் என்னவென்றால் இதுதான் அதன் பருவம். சில வாரம் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் இது தண்டு விடும். கடலூரில் ராத்திரிகள் அப்படி இருப்பது இந்த மாதங்களில்தான். எல்லாம் போனாலும் குளிர் அழைத்தால் பூக்க வேண்டும் என்று அதற்கு இருக்கிறது.

டிசம்பர் 30
2011இல் இதே நாள் தானே புயல். பண்ருட்டியில் அப்பாவின் முந்திரி முழுக்கச் சாய்ந்தது. அப்புறம் அவர் முந்திரி வைக்கவே இல்லை.

ஜனவரி 3, 2025
தண்டுதான். மடிப்பு நன்றாகத் தெரிகிறது.

ஜனவரி 6
நர்சரிக்காரர் போனில், “வெட்டிடுங்கம்மா, யோசிக்காதீங்க” என்றார். சரி என்றேன். வெட்டவில்லை.

ஜனவரி 14
ஈரம் காயாத வீட்டில் பொங்கல். பானை புதுசு, அடுப்பு புதுசு. பால் பொங்கும்போது இரண்டு பேரும் பேசவில்லை. தண்டு இரண்டு விரற்கடை.

ஜனவரி 20
புது வீட்டில் கிழக்கு ஜன்னல். இங்கே தெற்கு. தண்டு இந்த வெளிச்சத்துக்கு வளைந்திருக்கிறது, அங்கே போனால் திரும்பவும் வளைய வேண்டும். அதற்கும் தெம்பு வேண்டும். அடி இலை மஞ்சள்.

ஜனவரி 23
திருப்பாதிரிப்புலியூர். மாடி வீடு. பால் காய்ச்சினோம். லாரியில் சாமான், ஆட்டோவில் என் மடியில் செடி. படி ஏறும்போது எண்ணினேன், 22 படி. இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வராது. மூன்று முறை சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 25
அடி இலை விழுந்துவிட்டது. மூன்று இலை, மூன்று வேர்.

ஜனவரி 26
வெட்டிவிட்டேன். கணுவுக்கு மேலே. பட்டைத்தூள் வைத்தேன். ஏழு சென்டிமீட்டர் இருந்தது. குப்பையில் போட மனசு வரவில்லை, சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 27
ராத்திரி பெரியவள் போன் செய்தாள். மொட்டு எத்தனை என்று கேட்டாள்.