மெலிந்த உடம்பில் சர்க்கரை

எடையைக் குறைத்தால் சர்க்கரை அடங்கும் என்று எல்லோருக்கும் சொல்லப்படும் அறிவுரை, 162 சென்டிமீட்டர் உயரத்தில் 45 கிலோ மட்டுமே இருந்த எனக்குப் பொருந்தவில்லை. இரத்தத்தில் மிகும் சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுவதால், உண்டது உடம்பில் ஒட்டாமல் தசையும் கொழுப்பும் கரைகின்றன என்று காரைக்குடி மருத்துவர் விளக்கிய பிறகே, அரை வயிற்றுச் சாப்பாட்டை நிறுத்தினேன். கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அறியச் சி-பெப்டைடு என்னும் இரத்தச் சோதனை செய்தார்; அது குறைவாக இருந்ததால் இன்சுலின் தொடங்கினோம்.

விசேஷ நாள்களில் அப்பத்தா கவுனி அரிசி இனிப்பை இன்னும் நீட்டத்தான் செய்கிறார். அரிசி கறுப்பாக இருந்தாலும் அதில் கொட்டும் சர்க்கரை வெள்ளைதானே! ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றபடி முட்டை, மீன் குழம்பு, நல்லெண்ணெய் விட்ட பருப்பு, வறுத்த நிலக்கடலை ஆகியவற்றைச் சிறுசிறு வேளைகளாக உண்கிறேன். மூன்று மாதங்களில் 2 கிலோ கூடியிருக்கிறது.