தக்காளி முடிந்த பையில் கீரை

மொட்டைமாடியில் தக்காளி காய்ப்பு ஓய்ந்ததும் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே பைகளில், அதே தேங்காய் நார்த்தூளில் வெந்தயத்தைத் தூவினேன். முளைத்தது. பத்து நாளில் இலையோரமெல்லாம் கருகி நின்றுவிட்டது. கொத்தமல்லி முளைக்கவே யோசித்தது. பக்கத்துப் பையில் பாலக் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி தளதளவென்று இருந்தது, அதுதான் துப்பு. பாலக் பீட்ரூட்டுக்குச் சொந்தக்காரன், உப்பைத் தாங்கும்.

உப்பைக் கொட்டியது நானேதான். ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று எட்டு மாதமாக அந்தப் பைகளுக்கே ஊற்றியிருக்கிறேன். பெரிய சிக்கனம்! பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக்கூட ஏதோ பூஞ்சை என்று நினைத்திருந்தேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை எடுத்துப் பார்த்தால் எங்கள் போர் தண்ணீர் 700, ஆர்ஓ கழிவு 1600, பையிலிருந்து ஒரு பிடி நார்த்தூளைப் பிழிந்த தண்ணீர் 2400.

செடி விற்கும் கடையில் கேட்டதற்கு, "சத்தெல்லாம் போயிருக்கும் சார், புதுசா 5 கிலோ நார்த்தூள் கட்டி வாங்கிக்கோங்க" என்றார்கள். அதில் முதலில் சத்து என்று ஒன்று இருந்தால்தானே தீர்ந்துபோக! நார்த்தூள் வேருக்கு ஈரமும் காற்றும் கொடுக்கும் மெத்தை, அவ்வளவுதான். அதுவும் புது நார்த்தூளில் கரிச்சத்து (கார்பன்) தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும், அதை மட்க வைக்கிற நுண்ணுயிர்கள் நாம் போடும் தழைச்சத்தையும் தின்றுவிடும், கீரை நாற்று வெளுத்துப்போய் நிற்கும். ஒரு பயிர் கண்ட பழைய தூளில் இந்தப் பசி கொஞ்சம் அடங்கியிருக்கும். என்னைக் கேட்டால் கீரைக்குப் பழசுதான் நல்லது, கழுவினால்.

பையைக் கவிழ்த்தால் அடியில் வேர்கள் வட்டமாகச் சுற்றி, கம்பளித் துண்டு மாதிரி வரும். அதைக் கிழித்து எடுத்துவிட்டு வேரைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டும். மிளகு மிளகாக முடிச்சு இருந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழு, அந்தத் தூளைக் கீரைக்குத் தொடாதீர்கள், புழுவை அடக்க ஒரு பருவம் செண்டுமல்லி போட்டுவிடுங்கள். முடிச்சு இல்லாததை வெங்காயம் வரும் வலைச் சாக்கில் உள்ளே துணி விரித்துக் கட்டி, டிரம்மில் முக்கி எடுத்தேன். முதல் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. இரண்டாம் நாள் ஊறவைக்கும் தண்ணீரில் கால்சியம் உள்ள ஜிப்சம் ஒரு பிடி போட்டேன், ஏனென்றால் நார்த்தூள் சோடியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் வந்து இடம் கேட்டால்தான் விடும். அப்புறம் மறுபடி அலசல். பிழிந்த தண்ணீர் 900க்கு வந்ததும் நிறுத்திவிட்டேன், போர் தண்ணீரிலேயே அலசிக்கொண்டு 700க்குக் கீழே எங்கே போவது? ஐப்பசி மழையில் திறந்து வைத்தால் இந்த வேலை பாதி மிச்சம்.

பழசு பொடிந்து மாவாகிவிடுவதால் தண்ணீர் தேங்கும். அதனால் இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு மண்புழு உரம், அரைப் பங்கு உமி, பைக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. நாற்றழுகல் வராமலிருக்க டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையை உரத்தோடு பிசறி ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டுத்தான் கலந்தேன்.

முளைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவி 26-ஆம் நாள் வேரோடு பிடுங்கினேன். நாலு பைக்கு இரண்டு பெரிய கட்டு, வீட்டில் கடைந்தது போக எதிர்வீட்டுக்கும் கொடுத்தோம். வெந்தயமும் இந்தமுறை கருகவில்லை. கொத்தமல்லிதான் இன்னும் முரண்டு பிடிக்கிறது, அதற்கு உப்பு காரணமில்லை, இந்த வெயில். கார்த்திகையில் மறுபடி தூவிப் பார்க்க வேண்டும். ஆர்ஓ தண்ணீர் இப்போது பாத்ரூம் கழுவப் போகிறது.