350 இசட்டுக்கு எக்ஸாஸ்ட் பொருத்தின கதை

என்னுடையது 2006 மாடல் நிசான் 350 இசட், ஆறு கியர் மேனுவல். ரொறன்ரோவின் ரோட்டு உப்பு தின்று தின்று சைலன்சரில் ஓட்டை விழுந்துவிட்டது. கம்பனிச் சைலன்சருக்குக் கொடுக்கிற காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் வெளிக் கம்பனிகள் செய்கிற நல்ல ஆஃப்டர்மார்க்கெட் எக்ஸாஸ்டே, அதாவது புகைக்குழாய்த் தொகுதியே, வாங்கலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்குச் சரிதான். ஆனால் எதைப் பார்த்தாலும் "350 இசட்டுக்குப் பொருந்தும்" என்றே எழுதியிருந்தது. இந்தக் காரைப் பொறுத்தவரை அந்த வரியை மட்டும் நம்பிக் காசு கொடுக்க முடியாது.

ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கிற அண்ணையிடம் படங்களைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவேயில்லை. "தம்பி, முதல்ல எஞ்சினைச் சொல்லும். அப்புறம் எந்த மூட்டில இருந்து மாத்தப் போறீர் எண்டு சொல்லும்" என்றார். தேடல் முழுவதும் அந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிட்டது.

எஞ்சின் விஷயம் இப்படி. 2003இல் வந்த காரில் 287 குதிரைத்திறன் கொண்ட விக்யூ35டிஇ, சுருக்கமாக டிஇ. 2005இல் சில மேனுவல் கார்களுக்கும், 2006இல் மேனுவல் கார்களுக்கும் அதே எஞ்சின் 300 குதிரைத்திறனுக்கு ஏற்றப்பட்டு வந்தது, 'ரெவ்-அப்' என்பார்கள். 2007இல் வந்தது விக்யூ35எச்ஆர், 306 குதிரைத்திறன். பெயரில் இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் எச்ஆர் பெரும்பகுதி புது எஞ்சின். பொனட் நடுவில் மேடு இருக்கும், காற்று உள்ளே போக இரண்டு குழாய் இருக்கும், சிவப்புக் கோடு 7500இல் தொடங்கும். பழைய கார் வாங்கியவர்கள் சேசிஸ் நம்பரின் பத்தாவது இடத்தையும் பார்க்கலாம்: 6 என்றால் 2006, 7 என்றால் 2007.

இனி மூட்டு. எஞ்சினில் இருந்து பின்னோக்கி வந்தால் முதலில் எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியே எடுக்கிற ஹெடர், பிறகு புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வெர்டர் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, இரண்டையும் சேர்க்கிற ஒய்-பைப், நடுக்குழாய், கடைசியில் சைலன்சர். கன்வெர்டருக்குப் பின்னால் உள்ளதை மட்டும் மாற்றுவது 'கேட்-பேக்'. அதை 2003 முதல் 2008 வரைக்கும் பெரும்பாலும் ஒரே பாகமாகவே விற்கிறார்கள். கன்வெர்டருக்கும் அதற்கு முன்னாலும் கை வைத்தால் எஞ்சின் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டிஇ காரின் பாகம் எச்ஆருக்குப் பொருந்தாது. எச்ஆருக்கான கன்வெர்டர் அடுத்த மாடலான 370 இசட்டுக்கும் பொருந்துகிற மாதிரித்தான் விற்பனைக்கு வருகிறது.

இன்ஃபினிட்டி ஜி35 கூப்பேயிலும் இதே டிஇ எஞ்சின்தான். அதனால் ஜி35இன் ஹெடரும் கன்வெர்டரும் எனக்குச் சரிவரும். பின்பகுதி சரிவராது. அந்தக் காரின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2850 மில்லிமீட்டர், 350 இசட்டுக்கு 2650. இருபது சென்டிமீட்டர் கூடுதல். இரண்டு காருக்கும் சரி என்று சொல்லிச் செகண்ட்ஹேண்டில் ஒரு நல்ல கேட்-பேக் மலிவாக வந்தது. நீளத்தை அளந்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அது ஜி35இல் இருந்து கழற்றியது என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். வெட்டி ஒட்டலாம்தான். ஆனால் வெல்டிங் கூலியையும் சேர்த்தால் மலிவு எங்கே?

செகண்ட்ஹேண்ட் பார்க்கப் போனால் சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அது ஒட்டாது, அல்லது வெல்டிங் பக்கத்தில் இலேசாக ஒட்டும். 409 வகை ஸ்டெயின்லெஸ்ஸில் நன்றாகவே ஒட்டும். 409 மோசம் இல்லை, மேலே துருப்பிடித்தாலும் கனகாலம் உழைக்கும். ஆனால் 304 என்று சொல்லி அதற்கான விலை கேட்பவரிடம் காந்தத்தை எடுத்துக் காட்டலாம்.

அடுத்தது சத்தம். இந்த வி6 எஞ்சின் கன்வெர்டரைக் கழற்றினால் தகரத்தைக் கிழிக்கிற மாதிரிக் கத்தும். காது கேட்கிற எவருக்கும் அது பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்ராறியோவில் டிரைவ் கிளீன் என்கிற வாகனப் புகைச் சோதனை 2019இல் நின்றதால் இனிக் கன்வெர்டர் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். சோதனைதான் நின்றது, கழற்றுவது இன்றும் சட்டவிரோதம். பின்பக்க ஆக்சிஜன் சென்சர்கள் பி0420, பி0430 என்று பழுதுக் கோட் போட்டு எஞ்சின் விளக்கையும் எரியவைக்கும். ஆகவே கன்வெர்டர் இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டு குழாய் கடைசிவரை தனித்தனியாகப் போகிற ட்ரூ டூவலும் கேட்டுப் பார்த்தேன். சத்தம் வடிவுதான். ஆனால் அடியில் குழாய் அதிகம், என் காரோ ஏற்கெனவே தாழ்த்தியது. ஆறாவது கியரில் 100 கிலோமீட்டரில் போகும்போது எஞ்சின் கிட்டத்தட்ட 2250 சுற்றில் இருக்கும். 401 நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகக் காதில் நிற்கப்போவது அந்தச் சுற்றின் முழக்கம். வீடியோவில் அது தெரியாது, ஃபோன் மைக் அந்த அடிச்சத்தத்தைப் பிடிப்பதில்லை. நான் வாங்க நினைத்த அதே செட் போட்ட ஒருவரின் காரில் ஏறி நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்த பிறகுதான், ஒய்-பைப்பும், முழக்கத்தைக் குறைக்கிற ரெசனேட்டரும் உள்ள 304 கேட்-பேக்குக்குக் காசு கட்டினேன்.

பொருத்துவதைவிடக் கழற்றுவதுதான் பாடு. கன்வெர்டரையும் ஒய்-பைப்பையும் சேர்க்கிற போல்ட்டுகள் துருவில் ஒட்டிப்போயிருந்தன. அண்ணை முதல் நாளே எண்ணெய் அடித்து வைத்தும் ஒன்று முறிந்தது. கேஸ்கட்டும் போல்ட்டும் புதிதாக வாங்கி வைத்திருந்ததால் வேலை நிற்கவில்லை. முன்பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் தளர்வாகவே மாட்டி, ரப்பர் ஹேங்கருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, பின் குழாய் இரண்டும் பம்பரில் படாமல் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவர் இறுக்கினார். "சூட்டில குழாய் நீளும், இடம் விட வேணும்" என்றார்.

சில நாள் ஓட்டிய பின் திரும்பப் போய் போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டேன். இரண்டு இடத்தில் கொஞ்சம் தளர்ந்திருந்தது.